பீரோவை விடுங்கள், பாத்தியை நகர்த்துங்கள்

கேள்வி: 24 வருடமாகக் குடியிருக்கும் எங்கள் தனி வீட்டை விற்கப் போகிறோம். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகள் விற்பனைக்கு இருக்கின்றன, அதில் ஒன்று புத்தம் புதியது. சமையலறையை முழுசாக மாற்றினால்தான் ஆள் வருவார்கள் என்கிறார் புரோக்கர். எங்களிடம் இருப்பது கொஞ்சப் பணம். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறிப் பெயின்ட் உரிகிறது. வெளிப்பக்கம் நான் ஆசையாக வளர்க்கும் பூச்செடிப் பாத்திதான் இருக்கிறது, குழாயோ தண்ணீர்த் தொட்டியோ எதுவும் இல்லை. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து, முன்னால் பீரோவைத் தள்ளிவிடலாம் என்கிறார் கணவர். எதில் செலவு செய்வது? விலையை எப்படி வைப்பது? புரோக்கர் சொல்வதை எவ்வளவு நம்புவது? ஆட்கள் பார்க்க வரும்போது நாங்கள் வீட்டில் இருக்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் பீரோ. அதைத் தள்ளாதீர்கள்.

நான் கட்டட ஆய்வாளன். வீடு வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் உங்கள் கடிதத்தை விற்கிறவரின் கண்ணால் படிக்க எனக்கு வரவில்லை. வாங்குகிறவரோடு வாசல் வழியாக நுழைகிற பழக்கத்திலேயே படித்தேன். அப்படி நுழைந்தால், ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற பீரோவிடம்தான் நேராகப் போவேன். வேறு இடம் இருக்கும்போது ஜன்னலை அடைத்து யாரும் பீரோ வைப்பதில்லை. மூன்று சுவர் பழசாகவும் ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்டோடும் இருந்தால் அந்தச் சுவரில்தான் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். இதற்கு என் படிப்பு தேவையில்லை. நாலைந்து மாதம் வீடு தேடி அலைந்த எவருக்கும் இந்தப் புத்தி வந்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வீடு. கூடம், படுக்கையறை எல்லாம் பார்த்துவிட்டு, எந்த அறை யாருக்கு என்று கணவனும் மனைவியும் பேசவே ஆரம்பித்துவிட்டார்கள். சமையலறையில் அந்த அம்மா சிங்க்குக்குக் கீழே இருந்த கதவைச் சும்மா திறந்தார். உள்ளே ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் பாதிக்குத் தண்ணீர். குழாய் இணைப்பிலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கதவை மூடிவிட்டார். ஆனால் அதற்கப்புறம் இரண்டு பேரும் அறைகளைப் பார்க்கவே இல்லை. சீலிங்கையும் மூலைமுடுக்கையும்தான் பார்த்தார்கள். சற்று முன்பு ரசித்த கூடத்துக்கே திரும்பிப் போய் எங்கே கறை இருக்கிறது என்று தேடினார்கள். பிளம்பர் வந்தால் அரை மணி நேர வேலை அது. அதைக் காட்டி அவர்கள் குறைக்கச் சொன்ன தொகையில் அந்த வீட்டின் குழாய்கள் அத்தனையையும் மாற்றியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு வாங்குகிறவர் ஒரு கணக்குப் போடுவார். தெரியாத குறைக்கு அவர் பயம்தான் கணக்குப் போடும், அது எப்போதுமே கூடுதலாகத்தான் வரும். அதனால் உங்கள் மூன்று மாதத்தையும் இருக்கிற பணத்தையும், 'இதையே சரிபார்க்காதவர்கள் வேறு எதையெல்லாம் விட்டு வைத்திருப்பார்களோ' என்று வருகிறவர் நினைக்காமல் இருப்பதற்காகச் செலவிடுங்கள். பக்கத்துப் புது வீட்டோடு பளபளப்பில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். புதுக் கட்டடம் முதல் ஓரிரண்டு வருடத்தில்தான் மண்ணில் அமர்ந்து, பூச்சு சுருங்கி, மயிரிழை விரிசல்களைக் காட்டும். உங்கள் வீடு அதையெல்லாம் தாண்டி 24 வருட மழையைப் பார்த்துவிட்டது. ஒழுகவில்லை என்பதை நீங்கள் காட்டலாம், அந்தப் புது வீட்டுக்காரரால் காட்ட முடியாது.

இப்போது அந்தச் சுவர். ஈரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் துப்பு. கூரை ஒழுகினால் கறை மேலிருந்து இறங்கும். சுவருக்குள் குழாய் கசிந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பரவும். ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் மழை புகுந்தால் ஜன்னலின் கீழ் மூலைகளில் ஆரம்பிக்கும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். உங்களுடையது தரையில் தொடங்கி முழங்காலில் நிற்கிறது. வெளியே 'குழாயோ தண்ணீர்த் தொட்டியோ எதுவும் இல்லை' என்று எழுதிய அதே வரியில் பாத்தி இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் செடிக்கு மட்டும் போகவில்லை, அம்மா.

கீழிருந்து ஈரம் ஏறாமல் இருக்க, அடித்தளத்துக்கு மேலே சுவர் ஆரம்பிக்கும் மட்டத்தில் ஒரு தடுப்பு அடுக்குப் போடுவது வழக்கம். வெளியே மண் அதைவிட உயரமாகக் குவிந்துவிட்டால் ஈரம் அந்த அடுக்கைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுவருக்குள் போய்விடும். வருடா வருடம் உரமும் மண்ணும் கொட்டிக் கொட்டிப் பாத்தி மேடாகிப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். வீட்டுக்குள் தரை இருக்கும் மட்டத்துக்கு அரை அடியாவது, அதாவது 15 சென்டிமீட்டராவது கீழே மண் இருக்க வேண்டும். உங்கள் பாத்தி அதைத் தாண்டியிருக்கும் என்று கடிதத்தை வைத்தே சொல்வேன்.

சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உரிந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு, ஒரு சதுர அடி அலுமினியத் தாளை அங்கே வைத்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் முன்பக்கம் பனித்திருந்தால் அறைக்குள் இருக்கிற காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் ஏன் கூடாது? சுவரில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும், பாருங்கள். மண்ணிலும் செங்கலிலும் இருக்கிற உப்பை ஈரம் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, தான் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப் போகிறது. அதன் மேல் பிளாஸ்டிக் போலப் படிகிற பெயின்டை அடித்தால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உப்பு பின்னாலேயே சேர்ந்து பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். இல்லாவிட்டால் ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும், முழங்காலில் நின்றது இடுப்புக்கு வரும். அதுவும் சரியாக ஆள் பார்க்க வருகிற வாரத்தில். கணவரைக் குறை சொல்லவில்லை, பாதிப் பேர் செய்வது இதைத்தான்.

ஆகவே இந்த வாரமே பாத்தியைக் காலி செய்யுங்கள். செடிகளை வேரோடு எடுத்துத் தொட்டிகளில் வைத்து வாசல் பக்கம் அடுக்குங்கள், வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அவைதான். சுவரோரம் மண்ணை இறக்கி, மழைத் தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். உள்ளே உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளேயே போகும். சுவரை அப்படியே காய விடுங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்கிற பழைய கணக்கு. மூன்று மாதத்தில் முழுசாகக் காயாமல் போகலாம், பரவாயில்லை. பெயின்ட் அடிக்காமலே விற்கலாம். பாத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு படம், எடுத்த பிறகு ஒன்று, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தேதியோடு எடுத்து வையுங்கள். ஈரத்தின் மேல் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கறை அந்தக் கோட்டைவிட்டுக் கீழே இறங்குவதைவிட நல்ல சான்றிதழ் எந்தப் பெயின்ட் கம்பெனியும் தர முடியாது. இன்னொன்று, தெரிந்த குறையை மறைத்து விற்றால், விற்ற பிறகும் வழக்கு வர பல நாடுகளில் சட்டம் இடம் கொடுக்கிறது.

சமையலறைக்கு வருவோம். மாற்றாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கிற கல்லும் நிறமும் வாங்குகிறவருக்குப் பிடிக்கும் என்று என்ன நிச்சயம்? புதுப்பிக்க ஆன செலவையும் விற்கும்போது அதில் திரும்பி வந்த பணத்தையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறார்கள். அதில் ஆடம்பரச் சமையலறை போட்ட பணத்தைத் திருப்பித் தருவதில்லை, வாசல் கதவு போன்ற சின்ன வேலைகள்தான் முன்னால் நிற்கின்றன. அலமாரிக் கதவின் கீல்களை முடுக்கி, உடைந்த கைப்பிடிகளை மாற்றி, டைல்ஸ் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளை மட்டும் கழற்றிச் சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறவையுங்கள். சிங்க்குக்குக் கீழே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். போதும்.

மிச்சப் பணத்தைச் சொட்டுகிற, சிக்குகிற, ஆடுகிற பொருள்களுக்கு வையுங்கள். என்னவெல்லாம் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் கழித்து அது நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் நாலு சொட்டு கலர் விடுங்கள், அரை மணி நேரத்தில் ஃப்ளஷ் பண்ணாமலே கீழே நிறம் தெரிந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது. மின்சாரப் பெட்டியில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர், அதாவது மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்துகிற சுவிட்ச், இருந்தால் அதில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும், அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் விற்பனையை விடுங்கள், உங்கள் உயிருக்காகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள். முக்கியமாக வாசல் பூட்டு. சாவி சிக்கிப் புரோக்கர் அதோடு மல்லுக்கட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில், வந்தவர் பின்னால் நின்றுகொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருப்பார்.

விரிசல்களுக்குப் பயந்து எல்லாவற்றையும் பட்டி வைத்து மூட வேண்டாம். பூச்சில் இருக்கிற மயிரிழைகளை மூடலாம். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடுவது, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஏறுவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருப்பது, இவற்றை ஒரு பொறியாளரிடம் காட்டி எழுத்தில் வாங்கி வையுங்கள். விற்பதற்கு முன்பே சொந்தச் செலவில் ஒரு ஆய்வாளரைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொல்வதும் நல்லதுதான். என் தொழிலுக்கு நானே விளம்பரம் செய்கிறேன் என்று நினைத்தால், சரி, கொஞ்சம் அப்படித்தான்.

வாசனையைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. இருக்காது. ஒரு வாசனைக்குள் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதை எடுத்துச் சொல்வதை நிறுத்திவிடும், நீங்களோ 24 வருடம் இருக்கிறீர்கள். ரொம்ப நாளாக உங்கள் வீட்டுக்கு வராத, முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டு, வாசலில் நிற்கும்போதே கேளுங்கள். உட்கார வைத்த பிறகு கேட்டால் அவர் மூக்கும் பழகிவிடும். ரூம் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். அது தூக்கலாக அடிக்கிற வீட்டில் எதை மறைக்கிறார்கள் என்றுதான் நான் தேடுவேன். திரைச்சீலை, மெத்தை, மிதியடி மூன்றும்தான் வாசனையைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றைத் துவைத்து வெயில் காட்டுங்கள். யாரும் அதிகம் பயன்படுத்தாத குளியலறை இருக்கிறதா? வடிகுழாயின் வளைவில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை உள்ளே வராமல் தடுக்கிறது. புழங்காத இடத்தில் அது வற்றிப்போய் நாற்றம் வரும். ஆள் வருவதற்கு முந்தின நாள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. இதற்காக ஒருவர் டைல்ஸையே பெயர்த்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாமான்களில் மூன்றில் ஒரு பங்கையாவது இப்போதே மூட்டை கட்டி வேறு எங்காவது வையுங்கள். எப்படியும் காலி செய்யப் போகிற வீடுதானே. அலமாரிகளையும் திறந்து பார்ப்பார்கள், பிதுங்கினால் வீட்டில் இடம் போதவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஆனால் கட்டிலை எடுத்துவிடாதீர்கள். வெற்று அறையில் கட்டில் கொள்ளுமா என்பதே சிலருக்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவுங்கள், ஒரு அறைக்குள் எல்லா பல்பும் ஒரே நிறமாக இருக்கட்டும். படங்களைப் பகலில் திரையை விலக்கிவிட்டு, போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். எல்லாவற்றையும் அகலமாகக் காட்டுகிற லென்ஸ் வேண்டாம். படத்தில் மண்டபமாகத் தெரிந்த கூடத்தை நேரில் பார்க்கும்போது மனசு விட்டுப்போகும்.

விலை விஷயத்தில் நானே தோற்றவன். ஊரார் வீட்டுக்கெல்லாம் குறை எழுதிக் கொடுக்கிற நான், என் சொந்த வீட்டை விற்றபோது, மாடிப்படிக் கைப்பிடியை என் கையாலேயே இழைத்துப் போட்டேன் என்பதற்காக மனசுக்குள் ஒரு தொகையைக் கூட்டி வைத்திருந்தேன். வந்தவர்கள் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், போய்விட்டார்கள். ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு தடவை விலையைக் குறைத்தேன். ஆரம்பத்தில் வந்த ஒருவர் சொல்லி நான் முறைத்த விலைக்கும் கீழேதான் கடைசியில் போனது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பிறகுதான் படித்தேன். மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் குவளை கொடுத்தார்கள். கையில் வாங்கியவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, மற்றவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த குவளைக்கே இப்படி.

அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், அது அவர்கள் ஆசை. கடந்த சில மாதங்களில் சுற்றுவட்டாரத்தில் உண்மையாகவே கைமாறிய, உங்களுடையதைப் போன்ற மூன்று நான்கு வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். இணையத்தில் வீடு தேடுகிறவர்கள் 'இவ்வளவுக்குள்' என்று ஒரு முழுத் தொகையைப் போட்டுத்தான் தேடுவார்கள். அந்த முழுத் தொகைக்குக் கொஞ்சம் மேலே நின்றால் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டீர்கள். விற்பனைக்கு வந்த முதல் இரண்டு மூன்று வாரத்தில்தான் கூட்டம் வரும். அதை அதிக விலை வைத்து வீணாக்கிவிட்டால், பிறகு வருகிறவர்கள் முதலில் கேட்பது 'ஏன் இன்னும் போகவில்லை?' என்றுதான்.

புரோக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2008-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஷிகாகோ வட்டாரத்தில் நடந்த சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசியதில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றது தெரிந்தது. அவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை. உங்களுக்குக் கிடைக்கிற கூடுதல் பணத்தில் அவர் பங்கு மிகச் சின்னது, அதற்காக இன்னும் பத்து நாள் அலைய அவருக்கு மனம் வராது. அவர் 'வந்ததை முடித்துவிடலாம்' என்று அவசரப்படுத்தினால், 'உங்கள் வீடாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

பத்திரம், வரி ரசீதுகள், வீட்டு வரைபடம், கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான தாள், பிளம்பர், எலக்ட்ரீஷியன் பில்கள், சுவரின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். எல்லாத் தாளிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒரு எழுத்தைத் திருத்தவே வாரக்கணக்கில் ஆகலாம்.

வீட்டில் இருக்கலாமா என்றால், கதவைத் திறந்து வரவேற்கிற அளவுக்கு இருங்கள். 'இது பூஜையறையாக இருந்தது, இங்கேதான் பையன் படித்தான்' என்று பின்னாலேயே போகாதீர்கள். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால் அவர்களால் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாது. படுக்கையறைக்கு மட்டும் கூடப் போங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்: 'இந்தச் சுவர் ஊறிக்கொண்டிருந்தது, வெளியே பாத்தி இருந்ததுதான் காரணம், எடுத்துவிட்டோம், இதோ இந்தத் தேதியில் இங்கே இருந்தது.' ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். வைக்கட்டும்.